தலைதட்டிய ஒப்பாரி

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். தெரு முழுவதும் அவரை ஆயா என்றுதான் அழைக்கும். சுற்றுவட்டாரத்தில் இழவு விழுந்தால் பந்தல்காரருக்குச் சொல்லுமுன் ஆயாவுக்குச் சொல்லியனுப்பிய காலம் ஒன்றுண்டு. கூலிக்குப் பாடுபவர் அல்லர். போய் உட்கார்ந்தால் பாட்டு தானாக வரும், அவ்வளவே. இப்போது முழங்கால் வலியால் படியிறங்குவதே அரிதாகிவிட்டது. இழவு வீடுகளும் முன்போல் இல்லை. அவர் நெஞ்சில் இருப்பதை ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்று ஓராண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று மறுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எங்கள் மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட அறை ஒன்று உண்டு. முன்பு வெள்ளிக்கொலுசு வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இப்போது அங்கேதான் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் சுவரில் தொங்கவிட்டு என் ஒலிப்பதிவு வேலைகளைச் செய்து வருகிறேன். அந்த அறை வீட்டுக்குள் சேராது என்பது ஆயாவின் கணக்கு. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி, மாடியேறி வந்தார். முப்பத்தெட்டு நிமிடங்கள் பாடினார். கணவருக்கு, மகளுக்கு, தாய்க்கு, ஊரே அழுத ஒரு சிறுவனுக்கு. முடிந்ததும் யாரிடமும் பேசாமல் இறங்கிப் போய்த் தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தார் என்று பேரன் சொன்னான்.

அன்றிரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பத்து நிமிடங்கள் மிகத் தெளிவு. மூச்சை இழுக்கும் ஓசைகூட அருகில் கேட்டது. பிறகு மகளுக்கான பாட்டில் குரல் ஏறத் தொடங்கியதும், ஏறிய இடங்களிலெல்லாம் அது கிழிந்தது. கோணிப்பையைக் கத்தியால் கிழிக்கும் ஓசை எப்படியிருக்குமோ அப்படி. குரல் தாழ்ந்தால் மீண்டும் தெளிவு, உயர்ந்தால் மீண்டும் கிழிசல். ஒப்பாரியில் எந்த இடத்துக்காக மற்ற எல்லா இடங்களும் இருக்கின்றனவோ, சரியாக அந்த இடங்கள் மட்டும் போய்விட்டன.

இன்னொரு முறை பாடமுடியுமா என்று கேட்கப் போனேன். கோபப்படவில்லை. "ஒருக்கா பாடியாச்சு கண்ணு. செத்தவங்க இல்லாத எடத்துல ரெண்டாந்தரம் எழவு கூட்டக்கூடாது" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இதை நான் எழுதுவது என் வருத்தத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக மட்டுமன்று. இன்று தமிழ் படித்தவர்கள் பலர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். சிலர் நாவல்களை வாசித்துப் பதிகிறார்கள், சிலர் விக்சனரிக்குச் சொற்களின் உச்சரிப்பைத் தருகிறார்கள், சிலர் தம் பாட்டியின் கதைகளைப் பிடித்துவைக்கிறார்கள். நல்ல காலம்தான். ஆனால் குரல் சிதைந்து பதிவாகும்போது நாம் செய்வதென்ன? ஒலிவாங்கி சரியில்லை என்கிறோம், விலை கூடிய வேறொன்றை வாங்குகிறோம். அல்லது கணினி பிறகு சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் பிழை என்பதே என் கருத்து. பிழை பெரும்பாலும் கருவியில் இல்லை. ஒரு கருவி இன்னொன்றுக்குக் கொடுக்கும் அளவில் இருக்கிறது. அந்த அளவைப் பார்க்கத் தெரியாத தமிழாய்வாளர், ஏட்டைப் படிக்கத் தெரியாமல் சுவடி தேடிப் புறப்பட்டவரைப் போன்றவர்.

நானும் முதலில் ஒலிவாங்கியைத்தான் ஐயுற்றேன். ஒரு வாரத்தில் புதிது வாங்கினேன். அதன் விலையை வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. என் குரலிலேயே உரக்கப் படித்துச் சோதித்தேன். அதே கிழிசல். மடிக்கணினியில் பதிவளவைக் குறைக்கும் சறுக்கியைப் பாதிக்கு இறக்கினேன். ஒலி சிறிதாயிற்று, கிழிசல் அப்படியே இருந்தது. சிறிய கிழிசல்! இங்கேதான் எனக்கு உறைத்திருக்கவேண்டும், உறைக்கவில்லை.

விடை சொன்னவர் எங்கள் பகுதி மைக்செட்காரர். ஆடித் திருவிழாவில் மாரியம்மன் கோயில்களைச் சுற்றி நடக்கும் வண்டி வேடிக்கை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கச்செய்யும் கலையில் முப்பதாண்டுப் பயிற்சி உள்ளவர். வந்தார், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒலிவாங்கியிலிருந்து சிறிய மிக்சருக்கு ஒரு கம்பி. மிக்சரின் வெளியீட்டிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு ஒரு கம்பி. இரண்டாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். படி நெறஞ்சதுக்கப்புறமும் மேல கொட்டுனா தானியம் தரையிலதான கெடக்கும்?"

லீ பஜாரில் மூட்டை மூட்டையாகத் தானியம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட விளங்கச் சொல்லமுடியாது. படியில் தானியத்தைக் குவித்தும் அளக்கலாம், கோலால் விளிம்பை ஒட்டி வழித்துத் தலைதட்டியும் அளக்கலாம். மின்கருவி எதுவும் குவித்து அளப்பதில்லை. அதன் படிக்கு ஒரு விளிம்பு உண்டு. விளிம்புக்கு மேலே வருவதெல்லாம் வழித்தெறியப்படும். குரலின் அலை வளைந்து ஏறி வளைந்து இறங்குவது. அதன் உச்சி வழிக்கப்பட்டால் மலை மேடையாகிறது. அந்தத் தட்டையான மேடையைத்தான் நம் காது கிழிசலாகக் கேட்கிறது. உச்சியை இழந்ததோடு போகாமல், மூலக்குரலில் இல்லாத மேல்சுரங்கள் பல புதிதாகச் சேர்ந்துவிடுவதால் வரும் கரகரப்பு அது. இதற்குக் கலைச்சொல் தேடுவோர் தேடட்டும். நான் தலைதட்டல் என்றே வழங்கிவருகிறேன்.

கணக்கும் கடினமானதன்று. சாதாரண 16 பிட் பதிவில் ஓர் அலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிநிலைகள் உண்டு. மேலே 32,767 வரை, கீழே 32,768 வரை. அதற்கு அப்பால் எண் இல்லை. எண் இல்லாததால் அதற்கு மேற்பட்ட ஒலியும் இல்லை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, அலை தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்த்தால் இந்த மேடைகளைக் கண்ணால் காணலாம்.

ஆனால் என் பதிவில் ஒரு விசித்திரம் இருந்தது. மேடைகள் எல்லையில் இல்லை. பாதி உயரத்திலேயே தட்டையாகியிருந்தன. மைக்செட்காரர் திரையைத் தொட்டுக் காட்டிய இந்த ஒரு செய்தி எனக்குப் பத்துப் புத்தகங்களுக்குச் சமம். மேடை எல்லையில் இருந்தால் எண்ணாக மாறும் இடத்தில் தலைதட்டு நேர்ந்திருக்கிறது, பதிவளவைக் குறைத்தால் தீரும். எல்லைக்குக் கீழேயே தட்டையாகியிருந்தால், எண்ணாக மாறுவதற்கு முன்பே, வழியில் எங்கோ ஒரு பெருக்கி நிரம்பி வழிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள சறுக்கியை எவ்வளவு இறக்கினாலும், தலைதட்டிய படியைத்தான் சிறியதாக்குகிறோம். வாய்க்காலில் கலந்த சாயத்தை வயலில் நின்று தடுக்கமுடியாது.

எங்கே வழிந்தது? ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ட் அளவுள்ள மெல்லிய மின்னழுத்தம். மடிக்கணினியின் மைக் துளை அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. மிக்சரோ அதைப் பெருக்கி ஏறத்தாழ ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவில் வெளியே தருகிறது. மில்லிவோல்ட்டுக்கு வாய்திறந்து நிற்பவனுக்கு அதைப் போல் நூறு மடங்கை ஊட்டியிருக்கிறேன். போதாக்குறைக்கு விண்டோஸ் அமைப்பில் மைக்ரோபோன் பூஸ்ட் என்று ஒன்று 20 டெசிபலில் இருந்தது. 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. ஆயா தாழ்ந்து பாடிய முதல் பத்து நிமிடங்கள் எப்படித் தப்பின என்பதுதான் வியப்பு. நான் சோதனைக்குப் பேசியதும் தாழ்ந்த குரலில்தானே, வகுப்பறைக் குரலில்கூட அல்லவே!

தீர்வுக்கு ஆன செலவைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்று, நூறு ஓம் மின்தடை ஒன்று, கணினித் துளையிலிருந்து வரும் நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க ஒரு மின்தேக்கி. கம்பியின் நடுவே பற்றவைத்துக் கொடுத்தார். மின்னழுத்தம் நூறில் ஒரு பங்காகக் குறையும். பூஸ்டைச் சுழியத்துக்கு இறக்கினார். "சார், இப்ப கத்துங்க" என்றார். கத்தினேன். கிழியவில்லை. மறைத்துவைத்த அந்தப் புதிய ஒலிவாங்கி மேசைமேல் இருந்தது. அதை அவர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டார். பிற்பாடு லைன் உள்ளீடு உள்ள சிறிய யுஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்றும் வாங்கினேன். கையில் பணம் உள்ளவர்கள் முதலிலேயே அதற்குப் போய்விடலாம், ஆனால் அதிலும் அளவு பார்க்கத் தெரியாவிட்டால் இதே கதைதான்.

நிற்க.

சேலத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு பழையது. சேலம் கோதாவரி என்னும் பாடகியின் குரல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கிராமபோன் தட்டில் ஏறியது. 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்து இந்தியத் தட்டுகளைத் தொடங்கிவைத்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் காலத்து முறையில், 1925 வரையிலும் ஒலிவாங்கியும் இல்லை, பெருக்கியும் இல்லை. அகன்ற வாயுடைய கூம்பு ஒன்று. அதன் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு. சவ்வோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். பாடுபவர் கூம்புக்குள் பாடவேண்டும். உச்சத்தில் குரல் மிகுந்தால் ஊசி துள்ளித் தடத்தைக் கெடுத்துவிடும். அன்றைய பதிவாளர்கள் அதை வெடிப்பு என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். அளவைக் குறைக்கச் சறுக்கியோ திருகியோ கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று, தொலைவு. ஏறும் இடத்தில் பாடகர் பின்னால் சாயவேண்டும், இறங்கும் இடத்தில் முன்னால் வரவேண்டும். தெரியாதவரை அருகில் நின்று தோளைப் பிடித்து நகர்த்துவதும் உண்டு. பதிந்த மெழுகை ஓட்டிக் கேட்டால் தடம் கெட்டுவிடும் என்பதால், கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதியும் அந்த மெழுகில் இல்லை.

தொலைவு என்னும் அந்தத் திருகியை நாம் மறந்துவிட்டோம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தொலைவை இரண்டு மடங்காக்கினால், திறந்தவெளிக் கணக்கில் அலையின் உயரம் பாதியாகும். இது 6 டெசிபல். ஒரு சாண் என்பதை இரண்டு சாண் ஆக்குவதற்குப் பணம் தேவையில்லை. அறையின் எதிரொலி சற்றுக் கூடும் என்பது உண்மை. அதற்குத்தான் மெத்தையும் கம்பளியும். நம்மவர்கள் பலர் வானொலி அறிவிப்பாளரைப் படத்தில் பார்த்துவிட்டு, ஒலிவாங்கியை உதட்டில் ஒட்டிக்கொண்டு படிக்கிறார்கள். பகரம் வரும்போதெல்லாம் மூச்சு அடித்துத் 'தப் தப்' என்று ஒலிக்கிறது. தமிழின் வல்லினம், ஆங்கிலத்தில் சொல்முதலில் வரும் வல்லொலிகளைப் போல மூச்சை உந்தி வெளியேற்றாதது. ஆகவே இந்தத் தொல்லை நமக்குக் குறைவாகவே வரவேண்டும். அதையும் மீறி வரவழைத்துக்கொள்கிறோம் என்றால் எவ்வளவு அருகில் போகிறோம் என்று பாருங்கள். நேர் எதிரே வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சற்று ஒதுக்கி வைத்தாலே பாதி தீரும்.

கூம்புக்கு அடுத்த காலமும் இதே ஊருக்குத் தெரிந்ததுதான். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935 இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவை வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் காட்டி மகிழ்கிறோம். எம்.ஜி.ஆர். நடித்தார், கலைஞர் எழுதினார் என்கிறோம். அங்கே ஒலிப்பதிவுக் கருவியின் முன் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அளவுமானியின் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனித் தொழிலாக இருந்தது. இன்று அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. வேலை விழுந்ததை நாம் அறியவில்லை.

எல்லாக் கரகரப்பும் தலைதட்டல் அன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். குரலின் ஏற்றத்தோடு வந்து இறக்கத்தோடு போகுமானால் அது அளவுக் கோளாறு. குரலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டுப் 'பட் பட்' என்று தெறித்தால், பெரும்பாலும் கணினி தரவை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளத் திணறுகிறது. பிற நிரல்களை மூடி, பஃபர் அளவைக் கூட்டினால் தீரும். 44,100 மாதிரிகளில் பதிந்ததை 48,000 என்று நினைத்துக் கருவி ஒலித்தால் குரல் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்து, ஆயா பேத்தியாகிவிடுவார். ஹெட்போனில் நன்றாகக் கேட்பது கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் காணாமல் போனால், மூன்று முனை உள்ள தொழில்முறை ஒலிவாங்கியைத் தவறான கம்பியால் இணைத்ததில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிந்து, சேரும்போது கழிந்துபோகின்றன என்று கொள்ளலாம்.

செவ்வாய்ப்பேட்டைக்கே உரிய ஒன்று ரீங்காரம். பழைய வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. நில இணைப்பு பல வீடுகளில் பெயரளவுக்கே. பக்கத்தில் கொலுசுக்கு மெருகேற்றும் மோட்டார் ஓடும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதுவும் அதன் மடங்கான நூறும் வண்டு முரல்வதுபோலப் பதிவின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் நோய் சார்ஜர் வழி வருகிறது. நிற்காவிட்டால் மின்கம்பியை ஒட்டி ஒலிக்கம்பி ஓடுகிறதா என்று பார்த்து, இரண்டையும் விலக்கவேண்டும், கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்தவேண்டும். நில முனையை வெட்டிவிட்டால் ரீங்காரம் போகும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். உயிரோடு விளையாடும் யோசனை, கேட்கவேண்டாம். பட்டறைகள் உணவுக்கு நிறுத்தும் மதிய வேளையில்தான் நான் இப்போது பதிகிறேன். மிகச் சிறந்த இரைச்சல் நீக்கி பக்கத்து வீட்டு மோட்டாரின் சுவிட்சுதான்.

இனி நான் சண்டைபோட விரும்பும் இடம். என் துயரைக் கேட்ட இளைய நண்பர் ஒருவர், "ஐயா, இப்போது இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது, தட்டையான உச்சியை அதுவே வளைத்துவிடும்" என்றார். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வளைத்தது. கிழிசல் பெருமளவு அடங்கியது, காதுக்கு இதமாகவும் இருந்தது. ஆனால் அந்த உச்சி ஆயாவுடையதா? மேடையின் இரு பக்கச் சரிவுகளையும் பார்த்து, இங்கே இப்படி ஓர் உச்சி இருந்திருக்கலாம் என்று நிரல் ஊகித்து வரைந்தது அது. புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் துணிச்சலானவை. பல்லாயிரம் மணி நேரம் பிறர் குரலைக் கேட்டுப் பழகி, அந்தப் பழக்கத்தால் இந்தக் குரலின் ஓட்டையை அடைப்பவை. அப்படி அடைத்ததைக் கேட்டு, சேலத்து மூதாட்டி ஒருவர் ழகரத்தை இப்படித்தான் ஒலித்தார் என்று ஒரு மாணவர் ஆய்வேட்டில் எழுதினால் என்ன ஆகும்?

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. இதற்கு நம்மிடம் பெயரே உண்டு, இடைச்செருகல். செல்லரித்த ஏட்டில் எழுத்து இல்லாத இடத்தில் தாமே சொல் புனைந்து சேர்த்துவிட்டுப் போன ஏடெழுதிகளால் எவ்வளவு தொல்லை! உ.வே.சாமிநாதையர் 1894 இல் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை, அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டது. அடிகள் சிதைந்த பாடல்களில் சிதைந்த இடம் புள்ளிகளால் காட்டப்பட்டிருக்கும். யாப்பில் அவருக்கு இருந்த பயிற்சிக்கு அந்தப் புள்ளிகளின்மேல் பொருத்தமான சீர்களை எழுதி நிரப்புவது அரை நாள் வேலை. நிரப்பவில்லை. அந்த நிரப்பாமையால்தான் மற்ற அடிகளை நாம் நம்புகிறோம். நிரலால் சீர்செய்த ஒலியை வைத்துக்கொள்ளவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு இனிய ஒரு படியாக அது இருக்கட்டும். ஆனால் மூலத்தை அழிக்காமல் தனியாக வைத்து, எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை ஊகம் என்று குறித்து வைக்கவேண்டும். இன்று இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கைப்பேசியில் பதிவோருக்கு வேறொரு கேடு காத்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் கிழிசல் வராது. காரணம், கருவி தானாகவே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறது. உரத்த குரலை அமுக்கும், மெல்லிய குரலைத் தூக்கும். செய்தி வாசிப்புக்கு இது உதவலாம். ஒப்பாரிக்கு? முணுமுணுப்பாகத் தொடங்கி, மார்பில் அறையும்போது உச்சத்தைத் தொட்டு, மூக்கைச் சிந்தி மீண்டும் முணுமுணுப்பாக இறங்கும் அந்தப் போக்கையல்லவா பாட்டு என்கிறோம்? அதை மேசைபோலச் சமமாக்கிவிட்டால் மிஞ்சுவது வரிகள் மட்டுமே. இரைச்சல் நீக்கம் என்ற வசதி இதைவிடக் கொடிது. அது பேச்சு எது, இரைச்சல் எது என்று தானே முடிவுசெய்கிறது. விம்மலும் பெருமூச்சும் நீண்டு இழுக்கும் ஓலமும் அதன் கணக்கில் பேச்சல்ல. என் மாணவி ஒருவர் கள ஆய்வில் பதிந்து வந்த ஒப்பாரி ஒன்றில் அழுகை முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டு, வரிக்கும் வரிக்கும் இடையில் கல்லறை அமைதி நிலவியது. பதிவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று அவர் மகிழ்ந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தால் அல்லவா?

சொல்லிக்கொடுப்பதில்லை. நாட்டார் வழக்காற்றியல் தாள் இருக்கிறது. தகவலாளியை எப்படி அணுகுவது, வினாநிரல் எப்படி அமைப்பது என்றெல்லாம் பாடம் உண்டு. ஒலிப்பதிவுக் கருவி எடுத்துச் செல்லவேண்டும் என்று ஒரு வரியும் உண்டு. அந்த வரியோடு சரி. ஆசிரியர் அறையில் நான் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அதெல்லாம் மைக்செட்காரர் வேலை" என்றார் ஒருவர். உண்மைதான், அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆனால் தொல்காப்பியர் இதை யாருடைய வேலை என்று எண்ணினார்? எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலைப் பிறப்பியலுக்கு ஒதுக்கியிருக்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு கூடி எழுத்தாகும் முறையை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நாவின் நுனி மேல்நோக்கி அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும். நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்தி நிற்க, அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம். ஒற்றுதலுக்கும் வருடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை கருவிகள் இல்லாத காலத்தில் கவனித்த மரபு இது. அந்த வேறுபாடு ஒலியலையில் எங்கே இருக்கிறது என்றால், குரலின் அடிச் சுரத்தில் இல்லை, அதற்கு மேலுள்ள ஒத்ததிர்வுகளில் இருக்கிறது. தலைதட்டலால் புதிதாக முளைக்கும் மேல்சுரங்கள் போய் விழுவதும் அதே பகுதியில்தான்.

ஆயாவின் பதிவில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுவே. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாவது வழக்கம். ஆனால் ஒப்பாரியில், குரல் நீண்டு இழுக்கும் இடங்களில், பழைய ழகரம் தங்கியிருக்கிறதோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். தெளிவாகப் பதிந்த பத்து நிமிடங்களில் இரண்டு இடங்களில் அப்படித்தான் கேட்கிறது. அதை உறுதிசெய்ய வேண்டிய உச்ச இடங்கள் ஒன்பது. ஒன்பதிலும் கிழிசல். ளகரம் என்று நினைத்துக் கேட்டால் ளகரம், ழகரம் என்று நினைத்துக் கேட்டால் ழகரம். பாடபேதம் என்றுகூடச் சொல்லமுடியாது, பாடமே இல்லையே.

இப்போது நான் பதியும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். பூஸ்ட் சுழியம். மேம்படுத்தல் என்ற பெயரில் உள்ள எல்லாத் தானியங்கி வசதிகளும் அணைப்பு. 24 பிட் பதிவு. அதில் அடியிரைச்சல் மிகக் குறைவு என்பதால் அளவைத் தாழ்த்தி வைப்பதில் இழப்பொன்றும் இல்லை. உரத்த இடம் எல்லைக்கு 12 டெசிபல் கீழே, அதாவது முழு உயரத்தில் நான்கில் ஒரு பங்கில் நிற்கும்படி வைத்துக்கொள்கிறேன். மீதி முக்கால் பங்கும் வரப்போகும் அழுகைக்காகக் காலியாக விடப்பட்ட இடம். 32 பிட் மிதவைப் பதிவுக் கருவிகள் வந்துவிட்டன, அவற்றில் எண்ணெல்லை என்ற தொல்லையே இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் உள்ள ஒலிவாங்கியும் பெருக்கியும் நிரம்பினால் அவையும் காப்பாற்றா. வாட்ஸ்அப் குரற்செய்தியாக அனுப்பச் சொல்வதில்லை, சுருக்காத கோப்பாகவே வாங்கிக்கொள்கிறேன்.

சோதனைதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. ஒப்பாரி பாடுபவரிடம் உச்சத்தை ஒருமுறை முன்னதாகப் பாடிக்காட்டுங்கள் என்று கேட்கமுடியாது. கேட்பதும் முறையன்று. இதற்கும் வழி கிடைத்தது. பதிவு தொடங்குமுன், மாடியிலிருந்து தெருவில் போகும் கீரைக்காரம்மாவைக் கூப்பிடுவதுபோல ஒருமுறை கூப்பிடுங்கள் என்கிறேன். எங்கள் தெருப் பெண்மணிகள் எவரும் இதில் சளைத்தவர் அல்லர். அந்தக் கூப்பாட்டில் கிழியாத அளவு, அதற்குப் பின் எதிலும் கிழிவதில்லை. ஒருமுறை கீரைக்காரம்மா உண்மையிலேயே நின்றுவிட்டார், இரண்டு கட்டு முளைக்கீரை வாங்க வேண்டியதாயிற்று.

ஆயாவின் பதிவு மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. மூலம் தனியாக, மென்பொருள் வளைத்தது தனியாக. கூடவே ஒரு தாள். எந்த நிமிடம் எந்த நொடியில் குரல் தலைதட்டியிருக்கிறது என்ற பட்டியல், மொத்தம் 214 இடங்கள். சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பாட்டையெல்லாம் வெச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் ஆயா என்றேன். நன்றாக வந்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. மாரியம்மன் தாலாட்டு வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே பாடலாம், அதற்குத் தடையில்லை, ஆடி பிறக்கட்டும் என்றார்.